சலோமி எழும்பி நின்றபோது

பிரசங்கம் முடிந்ததும் கூப்பிடுவார்கள், கூப்பிட்டதும் எழும்ப வேண்டும், எழும்பினால் போதகர் சத்தியநேசன் ஐயர் சபை முழுக்கக் கேட்கும்படி ஒரு கேள்வி கேட்பார், அதற்கு ஒரே ஒரு வார்த்தை பதில், மனஸ்தாபப்படுகிறேன், அவ்வளவுதான், அதைச் சொல்லிவிட்டால் சலோமி இன்றைக்கே மற்றவர்களோடு போய்ப் பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு இரண்டு கையையும் நீட்டித் திருவிருந்தின் அப்பத்தை வாங்கிவிடலாம். ஒரு வார்த்தை. சொத்தைப் பல்லைப் பிடுங்குகிற நேரம்கூட ஆகாது. நேற்று சட்னிக்குத் தாளிக்கும்போது சொல்லிப் பார்த்தாள், கடுகு வெடிக்கிற சத்தத்துக்குள் நன்றாகத்தான் வந்தது. குளிக்கும்போது தண்ணீரை ஊற்றிக்கொண்டே சொன்னாள், அப்போதும் வந்தது. காலையில் புறப்படுமுன் புருஷன் குத்தாலிங்கம் கண்ணாடி முன் நின்று மீசையை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள், சிரிப்புதான் வந்தது. எதற்கு மனஸ்தாபம்? இந்த மீசைக்கா? இந்த மீசைக்காரரைக் கோயிலில் அல்லாமல் பதிவு அலுவலகத்தில் வைத்துக் கட்டிக்கொண்டதற்கு, அவர் ஞானஸ்நானம் பெறாதவர் என்று தெரிந்தே கட்டிக்கொண்டதற்கு. அப்படிக் கட்டிக்கொண்டவர்களுக்குத் திருவிருந்து கிடையாது, திரும்ப வேண்டுமானால் சபை முன் எழும்பி நின்று வருந்த வேண்டும், சபைச் சட்டம் அப்படி. சட்டத்தின் பேரில் சலோமிக்குக் கோபமில்லை. சட்டத்துக்குக் கண் கிடையாது, பாவம், அது குத்தாலிங்கத்தின் மீசையைப் பார்த்ததில்லை.

பிரசங்கபீடத்தில் ஐயர் நீதிபதி கதைக்கு வந்துவிட்டார். நியாயப்பிரமாணமும் கிருபையும் என்று பொருளை அறிவித்தபோதே சலோமிக்குத் தெரியும், நீதிபதி வரப்போகிறார் என்று. எந்த ஊரில் எந்த ஐயர் இந்தப் பொருளை எடுத்தாலும் அந்த நீதிபதி வந்துதான் தீருவார். குற்றவாளிக் கூண்டில் அவருடைய சொந்த மகனே நிற்பான், அவர் கல்நெஞ்சுக்காரரைப் போல் அபராதம் போடுவார், போட்டுவிட்டு அங்கியைக் கழற்றி நாற்காலியில் வைத்துக் கீழே இறங்கி வந்து தன் கையாலேயே கட்டுவார். சலோமி சிறுபெண்ணாய் இருந்தபோது அபராதம் பத்து ரூபாயாக இருந்தது, இப்போது ஐயாயிரம் ஆகிவிட்டது, விலைவாசி நீதிபதியையும் விடவில்லை. சட்டமும் நிறைவேறிற்று, மகனும் தப்பினான் என்று ஐயர் கையை விரித்தார், முன்வரிசைப் பெண்கள் தலையை ஆட்டினார்கள். சலோமியும் ஆட்டினாள். ஆனால் அவளுக்கு அந்தக் கதையில் ஒரு குறை எப்போதும் உண்டு. அபராதம் கட்டின பிறகு அப்பாவும் மகனும் ஒரே வண்டியிலா வீட்டுக்குப் போனார்கள்? அன்றைக்கு ராத்திரி ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிட்டார்களா? சாப்பிடும்போது யார் முதலில் பேசினது? அதை எந்த ஐயரும் சொன்னதில்லை, எல்லாரும் கல்லாப்பெட்டியோடு நிறுத்திவிடுகிறார்கள். மேலே மின்விசிறி டக்கு டக்கென்று தலையை ஆட்டிக்கொண்டு சுற்றியது, பக்கத்தில் ரூபவதி அக்கா இருமல் மிட்டாயை வாயில் போட்டுக் கன்னத்துக்குக் கன்னம் உருட்டிக்கொண்டிருந்தாள், அந்தக் காரமான மணம் சலோமியின் மூக்கு வரை வந்தது, தொண்டை வறண்டிருந்ததால் ஒன்று கேட்கலாமா என்று தோன்றியது, திருவிருந்து ஞாயிறன்று வெறும் வயிற்றோடு இருக்க வேண்டுமே என்பது உடனே ஞாபகம் வந்தது, வந்ததும் மனசு குளிர்ந்தது, ஆமாம், இன்றைக்கு எனக்கும் வெறும் வயிறு, எனக்கும் இன்றைக்கு அது பொருந்தும்.

இருபது வருஷத்துக்கு மேலாக அது அவளுக்குப் பொருந்தவில்லை. மதுரையில் இருந்த காலத்தில் பெரிய கோயிலில் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுவாள், அங்கே யாருக்கு யார் தெரியும். குத்தாலிங்கம் மின்வாரியத்தில் ஓய்வு பெற்று, பாளையங்கோட்டைக்குத் தெற்கே இருக்கும் இந்த ஊருக்கே, அவள் பிறந்த ஊருக்கே, குடிவந்த பிறகுதான் கஷ்டம். பெஞ்சின் ஓரத்தில் இடம் பிடித்து உட்காருவாள். திருவிருந்து நேரம் வரும், வரிசை எழும்பும், எல்லாரும் அவளைத் தாண்டிப் போக வேண்டும், அவள் இரண்டு முழங்காலையும் ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொள்வாள். பஸ்ஸில் ஜன்னலோரக்காரருக்கு வழிவிடுகிற மாதிரி. வெள்ளைச் சேலைகளும் வெள்ளைச் சேலைகளின் கரைகளும் அவள் முழங்காலை உரசிக்கொண்டு போகும். யாருக்கு மூட்டுவலி, யார் புதுச் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து கவலையோடு நடக்கிறார்கள், எல்லாம் அவளுக்குக் காலைப் பார்த்தே தெரியும். ரூபவதி அக்கா மட்டும் தாண்டும்போது ஒவ்வொரு தடவையும் அவள் தோளைத் தொட்டு "வாரேன்ளா" என்று சொல்லிவிட்டுப் போவாள், என்னமோ திருச்செந்தூருக்குப் பஸ் ஏறப் போகிற மாதிரி, திரும்பி வரும்போது மூச்சில் திராட்சரசம் மணக்கும். அந்த மணம் வரும்போதெல்லாம் சலோமிக்குப் பசித்தது. மானம் மரியாதை என்று இதற்குப் பேர் வைக்க அவளுக்கு இஷ்டமில்லை, ஊர் என்ன சொல்லும் என்பதும் இல்லை, ஊர்வாயை மூட உலைமூடி உண்டா. பசி என்றால் பசிதான். அப்பளத்தில் ஒரு விள்ளல்கூடத் தேறாத அந்த வெள்ளைத் துண்டுக்குப் பசித்தது.

பசி என்றதும் அப்பா வந்துவிட்டார், எப்போதும் அப்படித்தான், எங்கே சுற்றினாலும் அவளுடைய நினைப்பு தேவபிச்சை வாத்தியார் வீட்டு வாசலுக்குத்தான் வந்து நிற்கும். வேத வசனம் சொல்லாதவர்களுக்குக் காப்பி கிடையாது, இது அப்பாவின் சட்டம். விடிந்ததும் கூடத்தில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார், பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கையைக் கட்டிக்கொண்டு ஒரு புது வசனம் ஒப்பிக்க வேண்டும், ஒரு சொல் பிசகினாலும் "போ, படிச்சிட்டு வா", அவ்வளவுதான், டம்ளர் அடுப்படியிலேயே ஆறும். சலோமிக்குக் காலையில் நாக்கு எழும்பாது. அண்ணன் கிளி மாதிரி சொல்லிவிட்டுக் காப்பியை உறிஞ்சிக்கொண்டு நிற்பான், இவள் பாதியில் நின்று முழிப்பாள். அதனால் அம்மா என்ன செய்வாள் என்றால், விடியுமுன்பே புறவாசலில் முகம் கழுவிக்கொண்டிருக்கிறவளைக் கண்ணால் கூப்பிட்டு, நுரை தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் காப்பியை நீட்டி, "குடிச்சிட்டுப் போய்ச் சொல்லுளா, வயிறு காஞ்சா வசனம் எங்கேர்ந்து வரும்" என்பாள். குடித்துவிட்டுப் போனால் வசனம் அருவி மாதிரி கொட்டும். அப்பாவுக்குப் பெருமை தாங்காது. சொன்னதற்குக் கூலியாக அவர் இரண்டாவது காப்பி வாங்கித் தருவார், அதையும் அவள் குடிப்பாள். இத்தனை வயசுக்கப்புறம் இப்போது, மின்விசிறிக்குக் கீழே, ஐயர் நீதிபதியைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கிற இந்த வேளையில்தான் அவளுக்கு உறைத்தது, வசனம் சொன்னதால் காப்பி கிடைக்கவில்லை, காப்பி கிடைத்ததால்தான் வசனம் வந்தது. அம்மா எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள், பிரசங்கம் கேட்டால் முதல் ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிடுவாள். இன்றைய பிரசங்கத்தைப் புறவாசலில் வைத்து ஒரு டம்ளரில் முடித்துவிட்டாளே! சலோமிக்குச் சிரிப்பு பொங்கியது, முக்காட்டை இழுத்து வாயை மூடினாள், ரூபவதி அக்கா திரும்பிப் பார்த்துவிட்டு, அழுகிறாளாக்கும் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். அப்பாவுக்கு அந்த முதல் காப்பி தெரியாமலா இருந்திருக்கும்? மேலுதட்டில் நுரை இருந்திருக்குமே. அவர் வசனம் கேட்கும்போது ஏன் எப்போதும் சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்?

அப்படிப்பட்டவரின் மகள், நாக்கு எழும்பாத மகள், பதிவு அலுவலகத்தில் மட்டும் எப்படிச் சொன்னாள். தாலுகா ஆபீசில் தட்டெழுத்து வேலை பார்த்தபோது ஆடிக்காற்றில் கம்பி அறுந்து மூன்று நாள் விளக்கில்லாமல் கிடந்தது, எதிரே கம்பத்தில் ஏறி இறங்கின மனுஷன் வியர்வையோடு வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார், குடித்துவிட்டு, "கரண்டு வந்துட்டான்னு பாருங்கம்மா" என்றார், அவள் சுவிட்சைப் போட்டாள், வந்திருந்தது. அவ்வளவுதான் கதை, இதில் எங்கே பாவம் நுழைந்தது என்று பிடிக்க முடியவில்லை. பதிவாளர் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "இந்தத் திருமணத்துக்கு" என்று ஆரம்பித்ததுமே "சம்மதம்" என்று சொல்லிவிட்டாள். கேள்வியே முடியவில்லை, சாட்சிக்கு வந்திருந்த மின்வாரியக்காரர்கள் எல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். மாமியார் ஆவுடையம்மாள் முதலில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளத்தான் செய்தாள், ஒரு மாசம் போனது, ஒருநாள் எங்கிருந்தோ ஒரு காலண்டரைப் பிடித்து அதிலிருந்த இயேசு படத்தைக் கத்தரித்து முருகனுக்குப் பக்கத்தில் மாடத்தில் வைத்து நெற்றியில் குங்குமமும் வைத்துவிட்டாள். "ஒங்க சாமி மட்டும் பெட்டிக்குள்ள கெடந்தா ஒனக்கு வருத்தமா இருக்கும்லா." சலோமி பதறிப்போனாள். விக்கிரகம் கூடாது, பத்துக் கட்டளையில் இரண்டாவது, தேவபிச்சை வாத்தியாரின் மகளுக்கு அது ரத்தத்தில் ஓடியது. பதறினாள், அழுதாள், அழுதது பயத்தாலா சந்தோஷத்தாலா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. கேட்காமலே ஒருத்தி எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டாளே என்றுதான் திரும்பத் திரும்பத் தோன்றியது. இதையெல்லாம் தூக்கிக்கொண்டுபோய் மனஸ்தாபப்படுகிறேன் என்று எப்படிச் சொல்வது? முயற்சி பண்ணாமல் இல்லை. வராத தும்மலுக்கு வெயிலைப் பார்த்து மூக்கைத் தூக்குகிற மாதிரி மனசைத் தூக்கிப் பார்த்தாள். வரவில்லை.

மற்றவை எல்லாம் வருகின்றன, அதுதான் வேடிக்கை. மாமியார் படுக்கையில் கிடந்த கடைசிக் காலத்தில் ஒருநாள் நனைந்த துணியை வெடுக்கென்று பிடுங்கினது, அதற்கு மனஸ்தாபம் இப்போது நினைத்தாலும் பொங்கி வருகிறது. அண்ணி வாங்கின சங்கிலியைப் பார்த்து வயிறெரிந்தது, அதற்கும் வருகிறது. தர்மராஜ் அண்ணாச்சியை மனசுக்குள் எத்தனை தடவை வைதிருக்கிறாள், அதற்கும். தர்மராஜ் அண்ணாச்சிதான் சபைக் கமிட்டிச் செயலர், ஐயரோடு வீட்டுக்கு வந்து கேள்வியையும் பதிலையும் விளக்கிவிட்டுப் போனவர். "சட்டம்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதாம்மா. நாளைக்கு எம் மவ இப்படிச் செஞ்சாலும் நான் இதத்தான் சொல்லுவேன்" என்றார், சொன்னபடி செய்கிறவர்தான், கெட்ட மனுஷன் இல்லை. ஐயர் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். அவர்கள் போனதும் குத்தாலிங்கம் டம்ளர்களை எடுத்து வைத்துக்கொண்டே, "ஏளா, என்னத்துக்கு இப்படி யோசிக்க? ஒத்த வார்த்தைதான, சொல்லிட்டுப் போயேன்" என்றார். "ஒங்களக் கட்டுனது தப்புன்னு சொல்லச் சொல்லுதாங்க." "சொல்லு. எங்கம்மை தெனமும் சொல்லிக்கிட்டுத்தான கெடந்தா." "வெளையாடாதீங்க." "வெளையாடல. நீ அங்க என்ன சொன்னாலும் இங்கதான வரப்போற. ஒன்ன எனக்குத் தெரியாதா?" கோபப்பட்டிருக்கலாம், ரெண்டு நாள் பேசாமல் இருந்திருக்கலாம், அப்படி இருந்திருந்தால் வைராக்கியத்திலாவது சொல்லிவிடலாம். இந்த மனுஷன் தாராளமாகக் கொடுத்துவிட்டார், அதனால்தான் சொல்ல முடியவில்லை. பீடத்துக்கு இரண்டு பக்கமும் சுவரில் பத்துக் கட்டளைகளைப் பொன்னெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், வலது பக்கப் பலகையில் கீழே பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்று கண்ணுக்கு நேரே இருக்கிறது. சட்டத்துக்குக் கீழ்ப்படிந்து அந்த வார்த்தையைச் சொன்னால் அது பொய், பொய் சொன்னால் சட்டத்தை மீறினது, மீறாமல் இருந்தால் அப்பம் கிடையாது. வேலியில் சேலை மாட்டின மாதிரி, இந்தப் பக்கம் விடுவித்தால் அந்தப் பக்கம் மாட்டுகிறது. பொய் சொல்லி வாங்கின அப்பம் தொண்டையில் இறங்குமா? இறங்கித்தான் விடும், அது பாட்டுக்கு இறங்கும், அதுதான் பயமாக இருந்தது.

பயம் வந்ததும் அப்பா மறுபடியும் வந்தார், இந்தத் தடவை நாற்காலியில் இல்லை, இதே கோயிலில் ஆண்கள் பக்கத்துப் பெஞ்சில். அவளைத் திருவிருந்திலிருந்து விலக்கி வைக்கிற தீர்மானம் கமிட்டிக்கு வந்தபோது தேவபிச்சை வாத்தியார் கமிட்டியில்தான் இருந்தார். கையைத் தூக்கினவர்களில் அவரும் ஒருவர். இது ஊருக்கே தெரியும், சலோமிக்கும் தெரியும், பல வருஷம் அதை வைத்துக்கொண்டுதான் அவரை மன்னிக்காமல் இருந்தாள். அதற்கப்புறம் நடந்ததை அப்பா போன பிறகுதான் அம்மா சொன்னாள், அதுவும் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள், "ஒன்ன நிறுத்துன அன்னைலேர்ந்து ஒங்கப்பாவும் திருவிருந்துப் பந்திக்குப் போவல." சலோமிக்குப் புரியவில்லை. "எதுக்குப் போவல?" "எனக்கென்ன தெரியும்? கேட்டா பதில் சொல்லுத மனுசனா? வரிசை எழும்பும், இவுஹ கால ஒதுக்கிக்கிட்டு அப்படியே உக்காந்திருப்பாஹ. சாவுத வரைக்கும்." யாரும் அவரை விலக்கவில்லை. சட்டப்படி அவருக்கு இடம் இருந்தது. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று சலோமி எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறாள், என் மகளை வெளியே வைத்த சட்டம் என்னையும் வைக்கட்டும் என்றிருப்பாரோ, அல்லது "போ, படிச்சிட்டு வா" என்று மட்டும் சொல்லியிருப்பாரோ. மகளுக்கு எதிராகக் கையைத் தூக்கிவிட்டு, தூக்கின கையோடு வந்து மகளுடைய இடத்திலேயே உட்கார்ந்துகொண்ட மனுஷன். மதுரையில் அவள் தூணுக்குப் பின்னால் முழங்காலை ஒதுக்கிக்கொண்டிருந்த அதே ஞாயிறுகளில் இங்கே அவரும் ஒதுக்கிக்கொண்டிருந்தார். இதை முதலில் கேட்டபோது துக்கமாகத்தான் இருந்தது. இப்போது துக்கமில்லை, நெஞ்சுக்குள் ஏதோ சூடாக இறங்குகிறது, அதிகாலையில் புறவாசலில் குடித்த காப்பி மாதிரி. ஐயர் கதையில் வருகிற நீதிபதி பணம்தான் கட்டினார், எங்க அப்பா பட்டினி கிடந்தார் என்று எழும்பி நின்று சொல்ல வேண்டும் போல் இருந்தது. அப்பா, நானும் நீங்களும் ஒரே பந்தியில்தான் இல்லாமல் இருந்தோம்.

"ஆமென்" என்றார் ஐயர். பிரசங்கம் முடிந்துவிட்டது. இருமல்கள், பெஞ்சு முனகுகிற சத்தங்கள், பின்னால் ஒரு குழந்தை.  ஐயர் பிரசங்கபீடத்திலிருந்து இறங்கிப் படியில் நின்றார், தர்மராஜ் அண்ணாச்சி ஆண்கள் பக்கத்து முன்பெஞ்சில் நிமிர்ந்தார். "திருமதி சலோமி குத்தாலிங்கம்" என்று ஐயர் கூப்பிட்டார். அந்தப் பேர் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து அந்தக் கோயிலுக்குள் அதுவரை ஒலித்ததே இல்லை. தேவபிச்சை மகள் என்றுதான் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்திருந்தாள், குற்றாலத்துச் சாமியின் பேரையும் அவள் பேரோடு சேர்த்து ஐயர் மேற்கூரை வரை எறிந்துவிட்டார். எழும்பினாள்.  "சகோதரி, சபையின் ஒழுங்கை மீறிச் செய்த விவாகத்துக்காக ஆண்டவருக்கும் இந்தச் சபைக்கும் முன்பாக மனஸ்தாபப்படுகிறாயா?" வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது, தாளித்து, குளிப்பாட்டி, பழக்கி வைத்திருந்த வார்த்தை. வாயைத் திறந்தாள். "இல்லங்கய்யா" என்றாள். முன்வரிசையில் நின்றதால் ஐயருக்கு மட்டும் கேட்கிற சத்தம்தான் அது. "மத்த எல்லாத்துக்கும் படுதேன். இதுக்கு வர மாட்டேங்கு." சொல்லி முடித்ததும் போச்சு என்று நினைத்தாள், அப்பம் போச்சு, எல்லாம் போச்சு, ஆனாலும் உடம்பு லேசாகிவிட்டது. ஐயர் அவளையே பார்த்தார். அப்போதுதான் பின்னால் ஒரு பெஞ்சு கிரீச்சிட்டது.

கடைசி வரிசையில் குத்தாலிங்கம் எழும்பி நின்றுவிட்டார். வேறொன்றுமில்லை, காலையில் ஆட்டோவில் வரும்போது, "எப்ப எந்திரிக்கணும், எப்ப உக்காரணும்னு எனக்கு ஒண்ணும் வெளங்காதே" என்று அவர் கவலைப்பட்டார், "என்னப் பாத்துக்கிடுங்க, நான் எந்திரிச்சா எந்திரிங்க, உக்காந்தா உக்காருங்க" என்று இவள்தான் சொல்லி வைத்தாள், கொஞ்சம் பிந்தினாலும் அவர் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். நெற்றியில் மூன்று பட்டைத் துன்னூறோடு ஒரு பெரிய மனுஷர் விறைப்பாக எழும்புவதைப் பார்த்ததும், எப்போதும் பிந்தி வந்து கடைசி பெஞ்சில் அரைத்தூக்கத்தில் இருக்கும் வாலிபர்கள், பாட்டு வந்துவிட்டதாக்கும் என்று அவசரமாக எழும்பினார்கள். அவர்களைப் பார்த்து முன்வரிசை, அதைப் பார்த்து அதற்கு முன்வரிசை. ஆர்கன் வாசிக்கிற எட்வின் தலையைத் திருப்பினான், பாதிச் சபை நிற்கிறது, தான்தான் தவறவிட்டுவிட்டோம் என்று பதறி இரண்டு கையையும் கட்டைகளில் போட்டான். ஆர்கன் முழங்கினால் இந்த ஊர்க் கோயிலில் எவனாலும் உட்கார்ந்திருக்க முடியாது, அது பிறவிப் பழக்கம், தர்மராஜ் அண்ணாச்சிகூடப் பாட்டுப் புத்தகத்தைத் தேடிக்கொண்டே எழும்பிவிட்டார். ஆரம்பித்த பாட்டை நடுவில் நிறுத்துகிற வழக்கமும் கிடையாது. ஐயரும் பாடினார். சலோமி சுற்றிலும் பார்த்தாள், சபை முழுக்க நின்றது, எழும்பி நிற்கச் சொல்லப்பட்டவள் யார் என்று புதிதாக உள்ளே வருகிறவனால் கண்டுபிடிக்கவே முடியாது. ரூபவதி அக்கா சுருதி சேராமல் பக்கத்தில் பாடிக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்ததும் அண்ணாச்சி முன்னால் சாய்ந்து, "ஐயா, அந்தக் கேள்வி பாக்கி இருக்கு" என்றார். "பதில் வந்துட்டு அண்ணாச்சி." "எனக்குக் கேக்கலையே." "எனக்குக் கேட்டுச்சு." ஐயர் சபையை ஒரு தடவை கடைசி வரிசை வரைக்கும் பார்த்தார், துன்னூறு நெற்றியில் அவர் கண் கொஞ்சம் நின்றது, வாயோரம் துடித்தது. "சபையாரே, எல்லாரும் எழும்பிட்டோம். இனி யாரும் உட்கார வேண்டாம், இப்படியே நின்று பாவ அறிக்கை செய்வோம்." எல்லாரும் ஒரே குரலாகச் சொன்னார்கள். அண்ணாச்சி எல்லாரிலும் உரக்கச் சொன்னார். சலோமியும் சொன்னாள், பிடுங்கின துணியையும் எரிந்த வயிற்றையும் அண்ணாச்சியை வைததையும் அப்பாவை மன்னிக்காமல் இருந்த வருஷங்களையும் உள்ளே வைத்துச் சொன்னாள், அதில் பொய்யே இல்லை, நாக்கு ஒரு இடத்திலும் தடுக்கவில்லை.

ஆனால் ஐயருக்குக் கேட்டிருக்கிறதே. அறிக்கை முடிந்து எல்லாரும் உட்கார்ந்தார்கள், திருவிருந்துக்கு வரிசை எழும்பியது, முழங்காலை ஒதுக்கப் போனவள் இன்றைக்கு ஒதுக்க வேண்டியதில்லை என்று தெரிந்து தானும் எழும்பினாள், ரூபவதி அக்கா பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வந்தாள், வரிசை நகர நகர அவளுக்கு அதுதான் திரும்பத் திரும்ப வந்தது, இல்லை என்று சொன்னது அவருக்குக் கேட்டிருக்கிறது, சபைக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும், தாண்டிப் போய்விடுவாரோ. பீடத்துக்கு முன்னால் வந்துவிட்டாள், தாண்டிப் போனாலும் போகட்டும், முழங்காலாவது போட்டாச்சு. கைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து நீட்டினாள், எத்தனையோ காலத்துக்கு அப்புறமும் கைக்கு அது மறக்கவில்லை. ஐயர் ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தார், பக்கத்தில் இருந்தவளுக்குக் கொடுத்தார், அவளிடம் வந்ததும் நின்றார். அங்கி விளிம்பு அசையாமல் நின்றது. அவள் கையை மெல்லப் பின்னுக்கு இழுத்தாள். "கேட்டுச்சும்மா" என்றார் ஐயர், அவளுக்கு மட்டும். "இது என் வீட்டுச் சாப்பாடு இல்ல. நான் வெறும் பரிமாறுதவன். கைய நீட்டு." நீட்டினாள். அப்பம் உள்ளங்கையில் விழுந்தது, விழுந்ததே தெரியாத கனம். வாயில் போட்டாள், அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, உப்பும் இல்லை இனிப்பும் இல்லை, அவளுக்குத் தாங்க முடியாத சந்தோஷமாக இருந்தது, இவ்வளவு சந்தோஷத்தைக் கோயிலுக்குள் வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

வாங்கினவர்கள் ஓரத்து வழியாகப் பின்னால் சுற்றித்தான் தங்கள் இடத்துக்கு வர வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்படிச் சுற்றி வந்தபோது சலோமி பார்த்தாள், வரிசையில் நிற்கிறவர்கள் தவிரச் சபை மொத்தமும் உட்கார்ந்திருந்தது, ஆண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சில் ஒரே ஒரு ஆள் மட்டும் இரண்டு கையையும் முன்னால் கோர்த்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை அவர் பக்கத்தில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார். "உக்காருங்க அண்ணாச்சி, எல்லாரும் உக்காந்தாச்சு." "அவ இன்னும் உக்காரலயே" என்றார் குத்தாலிங்கம். முன்னால், பெண்கள் பக்கத்தில், அவளுடைய பெஞ்சின் ஓரம் காலியாக இருந்தது. ஆண்கள் பக்கத்தில் பெண்கள் யாரும் அந்தக் கோயிலில் உட்கார்ந்ததில்லை. "கொஞ்சம் நகருங்க" என்றாள் சலோமி. அவர் நகர்ந்தார். அவள் உட்கார்ந்தாள், பிறகு அவரும் உட்கார்ந்தார்.